வீட்டுக்குள் கடலா?

அந்தியூருக்கு வறட்டுப்பள்ளம் அணை உண்டு, கடல் கிடையாது. வீட்டுக் கூடத்தில் பவளப்பாறைத் தொட்டி வைக்க ஒருவர் ஆசைப்பட்டால்?

வைக்கலாம். ஆனால் கடலை நாமே தயாரிக்க வேண்டும்! லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. 500 லிட்டர் தொட்டிக்குப் பதினேழரை கிலோ! சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த கடலுப்புத் தூள் வேண்டும். தொட்டி வற்றினால் மறுபடி உப்பு நீரை ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிற்கும். சுத்திகரித்த நல்ல தண்ணீர் போதும். சித்திரை வெயிலிலும் சூடு 26 டிகிரியைச் சுற்றியே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும், மீன் திணறும். மாற்று ஏற்பாடு இல்லாதவர் தொடங்கவே வேண்டாம்.

பவளம் கல் அல்ல, உயிர். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக அதை வெட்டித் தள்ளினார்கள். இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. 2001இல் கல் பவளங்கள் அனைத்தும், புலி இருக்கும் அதே சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். "ராமேஸ்வரத்துச் சரக்கு" என்று யாராவது காதோடு சொன்னால், வாங்காதீர்கள்.

செயற்கைப் பாறை அடுக்குங்கள். மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அப்படிப் பண்ணையில் பிறந்த ஜோடி ஒன்று போதும். அதையும் தொட்டி நிரப்பி ஒரு மாதம் பொறுத்து விடுங்கள்.