மறதியில் தொலையும் வங்கிக் கணக்குகள்

அப்பாவின் சேமிப்பு எந்த வங்கியில் இருக்கிறது? முதுமை மறதி நோய் உள்ளவர்களின் குடும்பங்களில், பராமரிப்புச் செலவு ஏறத் தொடங்கும்போதுதான் இந்தக் கேள்வி எழுகிறது. பதில் சொல்ல வேண்டியவருக்கோ அப்போது நினைவு இருப்பதில்லை.

சிங்கப்பூரில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.8 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக மனநலக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. 2013ல் இது 10 விழுக்காடாக இருந்தது. விகிதம் குறைந்தாலும், மூத்தோர் தொகை பெருகுவதால் சிக்கல் குறையவில்லை.

கிராஞ்சி தொடங்கி தேக்கா வரை வாழும் தமிழ் மூத்தோரின் சேமிப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சம்பளத்துக்கு ஒரு கணக்கு, நிரந்தர வைப்புத்தொகைக்கு வேறொன்று, ஊருக்குப் பணம் அனுப்ப இந்திய வங்கி ஒன்று எனப் பிரிந்து கிடக்கும். பாலத்துக்கு அப்பால் ஜோகூரிலும் சிலருக்குக் கணக்கு இருக்கும்.

பழைய கணக்குப் புத்தகம் கிடைத்தாலும் அதிலுள்ள வங்கியின் பெயர் இன்று இல்லாமல் போயிருக்கலாம். 1877ல் தொடங்கப்பட்ட அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1998ல் டிபிஎஸ் வங்கியிடம் சென்றது. ஓவர்சீஸ் யூனியன் வங்கியை யுஓபியும், கெப்பல் டாட்லீ வங்கியை ஓசிபிசியும் 2001ல் வாங்கின. எனவே வங்கியே இல்லை என்று எண்ணிப் பழைய புத்தகத்தை வீசிவிடக் கூடாது. அதை எடுத்துக்கொண்டு, வாங்கிய வங்கியிடம் கேட்க வேண்டும்.

ஆனால் பிள்ளைகள் கேட்டதும் வங்கி விவரம் தந்துவிடாது. வங்கிச் சட்டத்தின் 47வது பிரிவு வாடிக்கையாளர் விவரங்களைப் பாதுகாக்கிறது. முதியவரை ஏமாற்ற நினைக்கும் உறவினரையும் அதே பிரிவுதான் தடுக்கிறது என்பதால் அதைக் குறைகூற முடியாது.

ஒருவரின் பல வங்கிக் கணக்குகளை ஒரே இடத்தில் காட்டும் ‘எஸ்ஜிஃபின்டெக்ஸ்’ வசதி 2020 டிசம்பரில் வந்தது. கணக்கு வைத்திருப்பவரே சிங்பாஸ் மூலம் ஒப்புதல் தர வேண்டும். நோய் முற்றியவரால் அது முடியாது. அவரது சிங்பாஸை மற்றவர் பயன்படுத்துவதும் தவறு. தனிமனிதர்கள் உள்ளூர் வங்கிகளில் பெறும் வட்டிக்கு வரி இல்லாததால், வருமான வரிக் கடிதங்களிலும் தடயம் கிடைப்பதில்லை.

சட்டப்படி உள்ள வழிகள் இரண்டு. மனத்திறன் சட்டத்தின்கீழ், மனத் தெளிவுடன் இருக்கும்போதே ‘எல்பிஏ’ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவரை நியமித்துவிடுவது முதல் வழி. அதைச் செய்யாதவருக்காகக் குடும்பத்தினர் நீதிமன்றத்தை நாடிப் பிரதிநிதியாக நியமனம் பெறுவது இரண்டாவது. அதற்கு மருத்துவ அறிக்கை வேண்டும்; பணமும் காலமும் செலவாகும். நோய் இருப்பது உறுதியான உடனேயே முதல் வழி அடைபட்டுவிடுவதில்லை. ஆரம்பக் கட்டத்தில், தாம் செய்வது இன்னதென்று புரிந்தவர் எல்பிஏ செய்யலாம். இதை அறியாமல் காலம் கடத்தும் குடும்பங்களே பின்னர் நீதிமன்றம் செல்ல நேர்கிறது.

பெற்றோரின் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் வைத்துச் சமாளிப்போரும் உண்டு. தெரிந்த கணக்குக்கு மட்டுமே அது உதவும். மறந்துபோன கணக்கு அப்படியே கிடக்கும். எடுத்த பணத்துக்குக் கணக்கு இல்லாதபோது உடன்பிறந்தோரிடையே பூசலும் வெடிக்கும்.

அண்டை நாடுகளில் தேட ஓரளவு வழி உண்டு. மலேசியாவில் ஏழு ஆண்டுகள் தொடப்படாத வைப்புத்தொகை அரசின் உரிமை கோரப்படாத பணப் பட்டியலுக்குச் செல்கிறது. அதை ‘இகுமிஸ்’ இணையத்தளத்தில் தேடலாம். இந்தியாவில் பத்து ஆண்டுகள் தொடப்படாத வைப்புத்தொகையைத் தேட, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் ‘உத்கம்’ தளத்தைத் தொடங்கியது. பெயருடன் பான் எண், கடப்பிதழ் எண், பிறந்த தேதி போன்ற ஏதேனும் ஒரு விவரம் தந்து தேடலாம். பணத்தைப் பெறச் சம்பந்தப்பட்ட வங்கியை அணுக வேண்டும். ஆனால் இவ்விரண்டிலும் நெடுங்காலம் உறங்கிய கணக்குகளே தெரியும். சென்ற ஆண்டுவரை பயன்பாட்டில் இருந்த கணக்கு தெரியாது.

இங்கோ, சட்டப்படி நியமனம் பெற்றவரும் வங்கி வங்கியாக ஏறி இறங்க வேண்டியுள்ளது. நியமனம் பதிவான பிறகு, பொதுக் காப்பாளர் அலுவலகம் வழியாக எல்லா வங்கிகளிடமும் ஒரே முறை கேட்க வழி செய்யலாம். கணக்கு உண்டா, இல்லையா என்று மட்டும் பதில் வந்தாலே பாதி அலைச்சல் தீரும். அதிகாரம் பெற்றவர் மட்டுமே கேட்க முடியும் என்பதால் ரகசியக் காப்பும் குலையாது.

அதுவரை செய்யக்கூடியது, நினைவு நன்றாக இருக்கும்போதே வங்கிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைப்பதுதான். ரகசிய எண்ணோ தொகையோ அதில் வேண்டாம். அம்மாவிடமோ அப்பாவிடமோ பணத்தைப் பற்றிக் கேட்டால் சொத்துக்கு ஆசைப்படுவதாக நினைப்பார்களோ என்ற தயக்கம் நம் குடும்பங்களில் அதிகம். பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள் என்பதால், மூத்தோரே அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.