சரலுக்கு அடுத்து எது?

மதிப்பிற்குரிய இஸ்ரோ தலைவர் அவர்களுக்கு,

2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-20 சுமந்து சென்ற சரல் செயற்கைக்கோளைப் பற்றியது இந்த மடல். நிலவுக்கும் செவ்வாய்க்கும் போன கலங்களுக்குக் கிடைத்த புகழ் அதற்குக் கிடைக்கவில்லை. கலமும் ஏவுதலும் நம்முடையவை. கடல் மட்டத்தை அளக்கும் ரேடார் உயரமானி பிரான்ஸ் தந்தது. கே.ஏ. (Ka) என்ற ரேடார் அலைவரிசையில் இயங்கிய முதல் உயரமானி அது. கதிர் விழும் வட்டம் சிறிது என்பதால், மற்றவை தடுமாறும் கரையோரத்தையும் நெருங்கி அளந்தது. மழைதான் அதற்கு ஆகாது.

ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. சரலின் பாதையில் முன்பு ஓடிய ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோள், 2012 ஏப்ரலிலேயே பேச்சற்றுப்போனது. பத்து மாதம் இடைவெளி. இரண்டும் ஒருநாள்கூடச் சேர்ந்து ஒரே கடலை அளக்கவில்லை.

கடல் இப்போது ஆண்டுக்கு நாலரை மில்லிமீட்டர் அளவில் ஏறுகிறது. 1993-இல் அதில் பாதிதான். உயரமானிக்கு உயரமானி இருக்கும் பிசகோ சென்டிமீட்டர் கணக்கில்கூட வரும். புதுத் தராசு வாங்கிய கடைக்காரர் பழையதில் நிறுத்த மூட்டையையே அதிலும் ஏற்றிப் பார்ப்பதுபோல, இரண்டு செயற்கைக்கோள்களையும் சேர்ந்து ஓடவிட்டால்தான் பிசகைக் கழிக்க முடியும். 2020 நவம்பரில் சென்ற உயரமானிச் செயற்கைக்கோள் சென்டினல்-6, தனக்கு முந்தைய ஜேசன்-3க்கு அரை நிமிடம் பின்னால் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. 1993க்குப் பிறகு கடல் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று தயங்காமல் சொல்ல முடிவது இப்படிச் சேர்ந்து ஓடவிடும் பொறுமையால்தான்.

சரல் 2016 ஜூலையிலேயே தன் பாதையைப் பிடித்து நிற்பதை விட்டுவிட்டது. அடுத்தது எங்கே?

வெளிநாட்டுத் தரவு இலவசமாகக் கிடைக்கிறதே என்று உங்கள் அலுவலகத்திலேயே யாராவது சொல்லக்கூடும். கிடைக்கிறது, ஆனால் எந்தச் செயற்கைக்கோள் எப்போது போகும் என்பதை அவர்களுடைய பட்ஜெட் முடிவு செய்கிறது. கரை நிலம் அமிழ்வதைக் காட்டக்கூடிய நிசார் செயற்கைக்கோளை 2025 ஜூலையில் அனுப்பிவிட்டீர்கள். ஊருக்குள் தண்ணீர் வருவது நிலம் இறங்கியதாலா, கடல் ஏறியதாலா என்று பிரித்துச் சொல்ல, கடல் மட்டம் என்ற இன்னொரு பாதிக் கணக்கும் வேண்டும்.

எனவே, கே.ஏ. அலைவரிசையிலேயே அடுத்த உயரமானிக்கு ஒப்புதல் கேளுங்கள். கேட்கும் கோப்பில், இயங்கிக்கொண்டிருக்கும் வேறொரு உயரமானியோடு சில மாதங்களாவது சேர்ந்து ஓட வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதிவிடுங்கள். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
கடலோர வாசகன்