மூன்றாம் குப்பி யாருக்கு?

ஓர் ஆலை வெளியேற்றும் கழிவுநீர் விதிக்கு உட்பட்டதா என்பதை நீதிமன்றத்தில் தீர்மானிப்பது முத்திரையிட்ட ஒரு குப்பி நீர். அந்தக் குப்பியை நிரப்புபவர் யார், எந்த நேரத்தில், யார் முன்னிலையில் நிரப்புகிறார் என்பவை வேதியியலாளருக்கு மட்டும் உரிய வினாக்கள் எனச் சிலர் கருதுகின்றனர். அவை வர்க்க அரசியலின் வினாக்கள்.

1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைத் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். வாரிய அதிகாரி மாதிரி எடுக்கையில் ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்புத் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பகுத்து, இரு குப்பிகளுக்கும் முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒன்று வாரியம் ஏற்ற ஆய்வகத்துக்குச் செல்லும். ஆலைத் தரப்பு கோரினால் மற்றொன்று வேறோர் ஆய்வகத்துக்குச் செல்லும். இம்முறை வழுவினால் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் சான்றாகாது.

குற்றஞ்சாட்டப்படுபவருக்கு இத்தகைய பாதுகாப்பு இருப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த நீரோடு வாழும் ஊருக்கு என்ன பாதுகாப்பு? கழிவைத் திறந்துவிடுமாறு பணிக்கப்படும் தொழிலாளிக்கும், கிணறு கெட்டுப்போன விவசாயிக்கும், ஊராட்சிக்கும் அங்கே கையொப்பமிட இடமில்லை. ஊரார் தாமே நிரப்பிய குப்பி இப்பிரிவின்படி சட்டபூர்வ மாதிரியும் அல்ல.

அறிவியலின் பெயரால் நடக்கும் ஏய்ப்பையும் அறிதல் வேண்டும். ஒருமுறை அள்ளிய நீர் அந்த நொடியின் நிலையை மட்டுமே காட்டும். பகலில் அள்ளிச் சென்றபின் இரவில் திறந்துவிடுவதை அது காட்டாது. 24 மணி நேரமும் சீரான இடைவெளியில் எடுத்துச் சேர்த்த கூட்டு மாதிரியே நாள் முழுவதன் சராசரியைத் தரும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது பொது வரம்பு. நல்ல நீரைக் கலந்தால் இந்த மில்லிகிராம் கணக்கு இறங்கிவிடும். ஆற்றில் சேரும் கழிவின் மொத்த அளவு இறங்காது. எடுத்த மாதிரியைக் குளிரில் வைக்காமல் காலந்தாழ்த்தினாலும் கணக்கு மாறிவிடும்.

மாதிரியைப் பற்றிய வினா எத்துணை முக்கியமானது என்பதைப் பெரியாறு காட்டிற்று. 2024 மே மாதம் ஏலூர்–எடையாறு தொழிற்பகுதியையொட்டி மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தோர் முதலை இழந்தனர். பாதாளம் தடுப்பணையின் மதகுகளைத் திறந்ததால் ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றது வாரியம். கேரள மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வோ அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்ததைச் சுட்டியது. இடதுசாரி ஆட்சி நடந்த மாநிலம் என்பதற்காக நாம் இதில் வாய்மூடி இருத்தல் தகாது.

“சோதனை கடுமையானால் ஆலை மூடப்படும், வேலை போகும்” என்று அச்சுறுத்துவது முதலாளிகளின் வழக்கம். திருப்பூரில் நடந்ததென்ன? ஆண்டுக்கணக்கில் நொய்யலில் சாயக்கழிவு கலந்தது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாயிற்று. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது வேலையிழந்தவர் தொழிலாளரே. தொடக்கத்திலேயே நேர்மையான கண்காணிப்பு இருந்திருப்பின் நிலமும் வேலையும் காக்கப்பட்டிருக்கும். இராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டதையும் மறவோம். கழிவு முதலில் கொல்வது உழைப்பவரையே.

ஒன்றிய பாஜக அரசின் வழியோ நேர்மாறானது. அது கொண்டுவந்த 2024-ஆம் ஆண்டுத் திருத்தம், நீரை மாசுபடுத்தியவருக்கு இருந்த சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாகச் சுருக்கியது. பெருமுதலாளிக்கு அது தண்டனையன்று, உற்பத்திச் செலவில் ஒரு வரி. மாநிலப் பேரவைகள் தீர்மானத்தின் மூலமே இதை ஏற்க இயலும். அத்தகைய தீர்மானம் எங்கு வந்தாலும் எதிர்ப்பது நம் கடமை.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் இப்பணிக்குத் தனி அவசரம் உண்டு. இஞ்சிவிளையில் ஒரு வாரியம், களியக்காவிளையில் வேறொரு வாரியம். ஓடைக்கோ மாநில எல்லை தெரியாது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி ஊர்களில் கொட்டப்பட்டதும், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டபின் அது திரும்ப அள்ளப்பட்டதும் அண்மைப் பாடம். மேலும், சட்டம் ஆங்கிலத்திலும் அறிவிப்பு மலையாளத்திலும் இருக்க, தமிழ் மட்டும் படிக்கும் உழைப்பாளி தன் கிணற்றின் வழக்கிலேயே அயலாராகிறார்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மாதிரியை மூன்றாகப் பகுக்க வேண்டும். மூன்றாம் குப்பி ஊராட்சிக்கு உரியதாக, தொழிற்சங்கப் பிரதிநிதியின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி இரவிலும் மாதிரி எடுக்க வேண்டும். எல்லை ஓடைகளில் இரு வாரியங்களும் கூட்டாகச் சோதிக்க வேண்டும். முடிவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் மலையாளத்திலும் தமிழிலும் ஒட்ட வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 49-ஆம் பிரிவின்படி வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்புக் கொடுத்து எவரும் புகாருடன் நீதிமன்றம் செல்லலாம். வாரியத்தின் ஆய்வறிக்கைகளையும் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்தில் 21, 49 ஆகிய இரு பிரிவுகளையும் தமிழில் வாசித்து விவாதிக்கட்டும். தம் பகுதி ஓடைகளின் நிறமாற்றத்தை நாள், நேரம், இடத்துடன் குறித்துவைக்கும் பொறுப்பை இரு தோழர்களிடம் ஒப்படைக்கட்டும். அந்தக் குறிப்பேடே அறுபது நாள் அறிவிப்பின் முதல் பக்கமாகும்.