நர்ஸ் படிப்பும் முதல் உத்தியோகமும்

பள்ளி இறுதிப் பரீட்சையின் முடிவுகள் வெளியானதும் உபாத்தியாயர் வீட்டுத் திண்ணைக்கு ஒரு மவுசு பிறந்துவிடுகிறது. குழந்தையை எதில் சேர்க்கலாம் என்று யோசனை கேட்டு வருகிற பெற்றோர்களுள், பெண்ணை நர்ஸ் படிப்பில் சேர்க்க எண்ணுகிறவர்களின் தொகை வருஷத்துக்கு வருஷம் கூடிவருகிறது. நமக்கு இது சந்தோஷமே. ‘நம் வீட்டுப் பெண் கண்டவர் புண்ணைக் கழுவுவதா?’ என்று மூக்கின்மேல் விரலை வைத்த பாட்டிமார்களே இப்போது பேத்தியின் வெள்ளை உடுப்பைப் பார்த்துப் பூரித்துப் போகிறார்கள். தங்களுக்கு ஊசி போட வீட்டிலேயே ஆள் இருக்கிறதல்லவா?

வருகிறவர்கள் கையில் வழவழப்பான விளம்பரப் புஸ்தகம் ஒன்று தவறாமல் இருக்கிறது. அதில் நான்கு மாடிக் கட்டிடம் இருக்கிறது. மஞ்சள் நிற பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. கம்ப்யூட்டர் அறை இருக்கிறது. மாணவிகள் கையில் தீபமேந்திப் பிரமாணம் எடுத்துக்கொள்ளும் காட்சியும் இருக்கிறது. அண்மையில் அப்படிப்பட்ட புஸ்தகம் ஒன்றை அட்டை முதல் அட்டை வரை புரட்டிப் பார்த்தோம். ஒரு படத்திலாவது ஒரு நோயாளியைக் காணோம்!

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நர்ஸுகளைப் பழக்கிய பழைய பள்ளிகள் யாவும் ஆஸ்பத்திரிக்குள்ளே பிறந்தவை. 1860-ஆம் வருஷம் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் லண்டனில் ஏற்பட்ட பள்ளி, செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் வார்டுகளிலேதான் நடந்தது. நமது வேலூரை எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியத்தைத் தொடங்கினார்; 1902-ல் நாற்பது படுக்கைகளோடு ஆஸ்பத்திரி எழும்பியது; அதற்குப் பிறகு, 1909-ல்தான் நர்ஸுகளைப் பயிற்றும் பள்ளி வந்தது. முதலில் நோயாளி, அப்புறம் ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் பள்ளிக்கூடம் என்பதே முறை. பட்டப் படிப்பு 1946-ல் டில்லியிலும் வேலூரிலும் ஆரம்பமான போதும் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. இந்நாளிலோ முதலில் கட்டிடம் எழும்புகிறது. நோயாளிகளைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தேடிக்கொள்ளாமலே காலத்தைத் தள்ளுகிறவர்களும் உண்டு.

ஆகையால் பெண்ணை அழைத்துக்கொண்டு கலாசாலைக்குப் போகிற பெற்றோர்கள் பிரின்ஸிபாலின் அறையைப் பார்த்ததோடு திரும்பிவிடக் கூடாது. ‘மாணவிகள் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பழகுகிறார்கள்?’ என்று கேட்டு, அந்த இடத்துக்கே சென்று வாருங்கள். பார்வையாளர்களை அனுமதிக்கும் நேரத்தில், பழக்கூடையும் கையுமாய்ப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்தால் உங்களை யாரும் தடுக்கமாட்டார்கள். படுக்கைகள் எத்தனை என்பதைக் காட்டிலும் அவற்றில் ஆள் படுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். 1947-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்சில், பட்டப் படிப்பு நடத்தும் கலாசாலைக்கு 100 படுக்கைகளாவது உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்றும், மாணவி ஒருத்திக்கு மூன்று நோயாளிகள் வீதம் இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. அளவுகோல் நல்லதுதான். ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் தினத்தன்று மட்டும் நிரம்பி வழிந்து மறுநாள் காலியாகிவிடும் வார்டுகளும் உலகத்தில் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவ வார்டை மறவாதீர்கள். நர்ஸ் படிப்போடு மருத்துவச்சிப் பயிற்சியும் சேர்ந்தது. தாம் பார்த்த பிரசவங்களை மாணவிகள் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். பிரசவமே நடவாத ஆஸ்பத்திரியில் அந்தப் பதிவேடு எவ்வாறு நிரம்புகிறது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அப்படி நிரப்பிய பெண், நாளைக்கு நள்ளிரவில் ஓர் ஏழைத் தாயின் பக்கத்தில் தனியாக நிற்கப் போகிறவள். இரண்டு உயிர்கள் அவள் கையில் இருக்கும்.

இறுதி வருஷத்து மாணவிகள் இரண்டு பேரையாவது தனியே சந்தித்துப் பேசுவது நூறு விளம்பரங்களுக்குச் சமானம். வாரத்தில் எத்தனை நாள் வார்டில் நிற்கிறீர்கள், உபாத்தியாயினி கூட வருகிறாளா, பஸ்ஸில் போக வர எத்தனை நாழிகை ஆகிறது என்று கேளுங்கள்.

எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு அதிக இடம் வேண்டியதில்லை. கிராம சுகாதாரச் சேவைக்கான துணை நர்ஸ் படிப்பு இரண்டு வருஷம், ஜி.என்.எம். என்னும் டிப்ளோமா மூன்று வருஷம், பி.எஸ்ஸி. நான்கு வருஷம். டிப்ளோமா வாங்கியவர்கள் பின்னால் இரண்டு வருஷம் படித்துப் பட்டமும் பெறலாம். கலாசாலை ஆசிரியை ஆகவோ மேற்படிப்புக்குப் போகவோ எண்ணமிருந்தால் பட்டமே நேர்வழி. ஆனால், பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பள்ளியில் டிப்ளோமாவுக்கு இடம் கிடைக்கிறது, நோயாளியில்லாத கலாசாலையில் பட்டத்துக்கு இடம் கிடைக்கிறது என்றால், முன்னதையே தேர்ந்துகொள்ளச் சொல்வோம். சம்பந்தி வீட்டாருக்குப் பட்டம் என்ற சொல் இனிக்கும் என்பது நமக்கும் தெரியும். பையன்களையும் இந்தப் படிப்பில் சேர்க்கலாம். சேர்ந்தவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்.

சேரும்போது ஒன்றில் உறுதியாக இருங்கள். அசல் ஸர்டிபிகேட்டுகளைச் சரி பார்ப்பதற்குக் காட்டலாம். அடகு வைக்கக் கூடாது. சில இடங்களில் அவற்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, படிப்பு முடிந்த பின் தங்கள் ஆஸ்பத்திரியிலேயே சொற்பச் சம்பளத்துக்கு உழைத்தாலன்றித் தரமாட்டோம் என்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பத்திரத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்த தேசம் இது!

படிப்பு முடிந்தது, முதல் உத்தியோகம் எங்கே? இங்கே பெற்றோர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள்: சம்பளம் எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம். இரண்டும் நியாயமானவை. ஆனால் பெண் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ‘முதல் மூன்று மாதம் என் பக்கத்தில் யார் நிற்பார்கள்?’ என்று அவள் கேட்க வேண்டும். அனுபவமுள்ள நர்ஸ் ஒருத்தியின் பெயரைச் சொல்லி, அவளோடு சேர்த்து வேலை போடுவோம் என்று பதில் வந்தால், ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் அந்த இடம் மேலானது. ‘அதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்’ என்று சிரித்தால் எழுந்து வந்துவிடலாம். அடுத்தது, இரவு டியூட்டியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்பது. பொது வார்டில், போதனை ஆஸ்பத்திரியானால் மூன்று பேருக்கு ஒருத்தி, மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருத்தி என்பது கவுன்சில் சொன்ன கணக்கு. அந்தக் கணக்கு எங்கும் நடப்பதில்லை. என்றாலும் பத்துக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் உண்டல்லவா? புதிதாக வந்த பெண்ணை நாற்பது பேருக்கு நடுவில் இரவு முழுவதும் தனியாக நிறுத்துகிற இடத்தில், தவறு நேர்ந்தால் பழி யார் தலையில் விடியும் என்று சொல்லவேண்டியதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை என்றால் புதிய நர்ஸுகளுக்கு ஒரு மோகம். யந்திரங்கள் பல, கௌரவமும் அதிகம். நமது அபிப்பிராயம், முதல் வருஷம் ஜன நெருக்கமுள்ள பொது வார்டில், கொஞ்சம் கண்டிப்பான ஸிஸ்டர் ஒருவரின் கீழ் கழிவது நல்லது என்பதே. யந்திரம் கத்துமுன்பே நோயாளியின் முகத்தைப் பார்த்து ‘ஏதோ சரியில்லை’ என்று உணரும் கண் அங்கேதான் திறக்கிறது. மூலைமுடுக்கு நர்ஸிங் ஹோம்களில் எல்லா வேலையும் செய்யக் கிடைக்கும் என்பார்கள்; உண்மையே. கற்றுக் கொடுக்கத்தான் ஆள் கிடையாது.

சம்பள விஷயத்தில் பெண்கள் வாய் திறப்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவின்மேல் மத்திய அரசாங்கம் நியமித்த கமிட்டி 2016-ல் ஒரு சிபாரிசு செய்தது: 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் அரசாங்க நர்ஸின் சம்பளத்துக்குச் சமமாகவும், 50-க்கும் குறைந்த சிறிய ஆஸ்பத்திரியிலுங்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் கொடுக்க வேண்டும் என்பது அது. சிபாரிசு சட்டமாகாது. எத்தனையோ ஆஸ்பத்திரிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருந்தாலும் எண்ணைத் தெரிந்துகொண்டு பேசுகிறவளுக்கும் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவளுக்கும் பேதம் உண்டு.

அரசாங்க வேலை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சேருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் மாகாணத்தில் 2012-ல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து நர்ஸுகளை எடுக்கிறது. அப்படி எடுக்கப்பட்டு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் இருந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் கூடிக் கிளர்ச்சி செய்தார்கள். கொரோனாக் காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸுகளின் நியமனம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஊரெல்லாம் கதவடைத்திருந்த நாட்களில் வெளியே வந்தவர்கள் அவர்கள். கைதட்டிக் கொண்டாடிய தேசம் அதற்குள் மறந்துவிட்டதே என்று நமக்கு வருத்தந்தான். நியமன உத்தரவில் நிரந்தரமா, ஒப்பந்தமா, எத்தனை மாதம் என்பவற்றைப் படித்த பிறகே கையிலுள்ள வேலையை விடுங்கள்.

வெளிநாடு போக விரும்புகிறவர்களைத் தேசபக்தி பேசித் தடுக்க நமக்கு மனமில்லை. இங்கே வயிறார ஊதியம் கொடுத்துவிட்டல்லவா அதைப் பேச வேண்டும்? ஆனால் ஏஜெண்டுகளிடம் ஜாக்கிரதை. வளைகுடா நாடுகள் முதலான, எமிகிரேஷன் அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்ஸுகளை அரசாங்க ஸ்தாபனங்களின் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசாங்கம் 2015-ல் விதித்தது. நம் ராஜ்யத்துக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தனியார் ஏஜெண்டு வசூலிக்கத்தக்க உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதன்மேல் வரியுமே. லட்சக் கணக்கில் கேட்கிறவன் வாசலில் நகையை விற்ற பணத்தோடு நிற்காதீர்கள். பெரும்பாலும் இரண்டு வருஷ ஆஸ்பத்திரி அனுபவத்தை அவர்கள் கேட்பதால், முதல் உத்தியோகத்தை விட்டு வரும்போது அனுபவச் சான்றை எழுத்து மூலம், தேதிகளோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலைக்கும் முன்னதாக மாகாண நர்ஸுகள் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டாக வேண்டும். அங்கே எழுதிக் கொடுக்கும் பெயர், இனிஷியல் உட்பட, பள்ளி மார்க் சர்ட்டிபிகேட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். ‘எச்’ ஒன்று கூடிப்போனதால் பாஸ்போர்ட்டுக்கு அலைகிற பழைய மாணவிகளுக்கு நாம் எழுதிக் கொடுத்த கடிதங்களுக்குக் கணக்கே இல்லை.