கமிட்டி விசாரிக்கக் கூடாத ஒன்று

கோயில் கமிட்டி, சர்ச் கமிட்டி, ஜமாத் எதுவானாலும் அதில் நம் வயசுக்காரர்கள்தான் அதிகம். வேலையில் இருப்பவர்களுக்கு நேரம் கிடையாது. நமக்குப் பென்ஷனும் இருக்கிறது, பொழுதும் இருக்கிறது. திருவிழாக் கணக்கில் இழுபறி என்றாலும் நம்மிடம்தான் வருவார்கள், மைக் செட்காரருக்குப் பாக்கி என்றாலும் நம்மிடம்தான் வருவார்கள். என் பிள்ளையிடம் ஒருத்தர் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று ஒரு தாய் அழுதுகொண்டு வந்தாலும் முதலில் நம்மிடம்தான் வருவாள். அவள் சொல்லி முடித்ததும் நாம் என்ன செய்யப் போகிறோம்? அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். கசப்பான விஷயம்தான், ஆனாலும் பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2013-ல் தொடங்கி 2017 டிசம்பர் வரை ஒரு ராயல் கமிஷன் நடந்தது. பள்ளி, விடுதி, சர்ச், ஆசிரமம் போன்ற இடங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை அந்த அமைப்புகள் எப்படிக் கையாண்டன என்பதுதான் அதன் கேள்வி. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கமிஷன் உறுப்பினர்களைத் தனியே சந்தித்துத் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். பலர் அதற்குள் தாத்தா பாட்டி ஆகியிருந்தார்கள்.

2015-ல் யெகோவாவின் சாட்சிகள் சபையின் முறை வந்தது. நம் ஊரிலும் இரண்டிரண்டு பேராக வந்து கதவைத் தட்டுவார்களே, அவர்கள்தான். சபையின் சொந்தக் கோப்புகளிலேயே 1950 முதல் 1,006 பேர் மீது புகார்கள் இருந்தன. அவற்றில் சபை தானாகப் போலீசுக்குத் தெரிவித்தது ஒன்றுகூட இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களில் தெரிவிக்கிறோம் என்பது அவர்கள் சொன்ன பதில்.

என்னை உலுக்கியது அந்த எண் மட்டுமல்ல, கோப்புகள் ஒழுங்காக இருந்ததும்தான். அவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை. புகார் வந்ததும் மூப்பர்கள் கூடினார்கள், விசாரித்தார்கள், எழுதி வைத்தார்கள். ஆனால் விசாரித்த விதத்தைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தாமே ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இரண்டு சாட்சிகள் வேண்டும். வேதத்தில் அப்படி இருக்கிறது என்றார்கள். இந்த மாதிரி காரியத்தை எவனாவது இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வானா? விசாரிக்கும் மூப்பர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு பெண், தனக்குக் கொடுமை செய்தவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அந்த ஆண்கள் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது.

இது அந்த ஒரு சபையின் கதை மட்டுமல்ல. அதே கமிஷன் மெல்போர்னில் ஒரு யூத சமூகத்தையும் விசாரித்தது. நம்மவர் ஒருவரைப் பிறத்தியாரிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பழைய விதி ஒன்று அவர்களிடம் உண்டு. அதைக் காட்டியே புகார் கொடுத்தவர்களைத்தான் அங்கே பலர் ஒதுக்கி வைத்தார்கள். பீகாரில் முங்கேரைத் தலைமையிடமாகக் கொண்ட யோகப் பள்ளியின் வழிவந்த ஆசிரமம் ஒன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1970, 80-களில் அங்கே வளர்ந்த பிள்ளைகள் 2014 டிசம்பரில் வந்து சாட்சி சொன்னார்கள். காவி கட்டியவர் என்றால் நாம் சந்தேகப்படுவதில்லை, அவர்கள் பெற்றோரும் சந்தேகப்படவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் புகாருக்கு ஆளான பாதிரியாரை ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்பதை 2002-ல் ஒரு பத்திரிகை வெளிக்கொண்டு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கார்டினல் பதவி விலகினார். மாற்றல் கிடைத்த ஒவ்வொரு ஊரிலும் புதுக் குழந்தைகள் இருந்தார்கள் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

மதம் வேறு வேறு, ஆனால் செய்தது ஒன்றுதான். எல்லோரும் "நமக்குள்ளேயே விசாரித்துப் பார்ப்போம்" என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்த வார்த்தைதான் ஆபத்து என்பது என் கருத்து. கமிட்டிக்காரர்கள் கெட்டவர்கள் என்பதால் சொல்லவில்லை. நல்லவர்கள் விசாரித்தாலும் அது கெட்டுத்தான் போகும். நான் தபால் துறையில் இருந்தவன். ஒரு சின்ன அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கில் பணம் குறைந்தால், அங்கே இருப்பவர்களே கூடிப் பேசி முடித்துக்கொள்ள முடியாது. எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் மேலிடத்துக்குத் தகவல் போயாக வேண்டும். நூறு ரூபாய்க்கு இருக்கிற அந்த ஒழுங்கு ஒரு குழந்தைக்கு வேண்டாமா?

நம் நாட்டில் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு இப்படி நடந்திருக்கிறது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், அது யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். "உறுதி செய்துகொண்டு" என்று சட்டத்தில் இல்லை. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை போகும். குருக்களுக்கோ பாதிரியாருக்கோ இமாமுக்கோ விலக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை.

"பொய்ப் புகாராக இருந்தால் ஒரு நல்ல மனுஷன் பெயர் போய்விடுமே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேண்டுமென்றே பொய் சொல்லும் பெரியவர்களுக்கு அதே சட்டத்தில் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவருக்கு எந்தப் பொறுப்பும் வராது. அவர் நிரபராதி என்றால் அதைச் சொல்லவும் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம் இருக்கிறது. கமிட்டி "விசாரித்தோம், ஒன்றுமில்லை" என்று சொன்னால் ஊர் நம்பவா போகிறது? காலத்துக்கும் முணுமுணுக்கும்.

இன்னொன்று, "பொம்பளைப் பிள்ளை விஷயம், வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா" என்பது. இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. குழந்தையின் பெயரை, படத்தை, பள்ளியை வெளியிடுவதையே சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. வாக்குமூலம் வாங்க போலீஸ் வீட்டுக்கே வரலாம். கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும், சீருடையில் வரக்கூடாது. ஸ்டேஷனில் குழந்தையை இரவு வைத்திருக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால், ஏழு பேர் கொண்ட கமிட்டியிடம் சொல்வதைவிட இதில்தான் ரகசியம் அதிகம். அந்த ஏழு பேருக்கும் வீட்டில் மனைவி இருக்கிறார்கள், டீக்கடை இருக்கிறது. பையன்கள் விஷயம் இன்னும் மோசம். "ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே அந்தத் தாய் வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அவள் சொல்வதைக் கேளுங்கள். குழந்தையைக் கூப்பிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். நான்கு பேரிடம் நான்கு முறை சொன்னால் நான்கு விதமாக வரும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அந்த ஆளைக் கூப்பிட்டு வைத்து எச்சரிக்காதீர்கள். உடைகளைத் துவைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்றைக்கே கூடப் போய் மகளிர் காவல் நிலையத்தில் உட்காருங்கள். போக முடியாவிட்டால் 1098-க்குப் போன் செய்யுங்கள், காசில்லாத எண். மன்னிப்பு, பிராயச்சித்தம், சபை விலக்கு எல்லாம் உங்கள் உங்கள் மார்க்கப்படி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் கோயில் கமிட்டியில் அபிஷேக நேரம் எழுதியிருக்கும் பலகையின் கீழே 1098 என்ற எண்ணையும் எழுதச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். "சாமி சந்நிதியில் இதெல்லாம் எதற்கு சார்?" என்றார் பொருளாளர். பங்குனி உத்திரம் முடிந்து பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். பெயின்ட் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன்.