பன்னாடையில் தங்கியது எது?

கள்ளைப் பற்றி நம் இலக்கிய நண்பர்களிடம் விசித்திரமான ஓர் இரட்டை நிலை இருக்கிறது. அதியமானை இழந்த ஔவை, அவன் தந்த கள்ளை நினைத்து அழும் புறநானூற்றுப் பாடலுக்கு உருகுவார்கள். நறவு, தேறல், தோப்பி, பிழி என்று சங்கப் பாடல்களில் விரியும் சொல்வளத்தை வியப்பார்கள். பிரெஞ்சுத் திராட்சை மதுவின் மணத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதவும் தயங்கமாட்டார்கள். ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்க்கரைப் பனையிலிருந்து ஒருவர் கலயத்தோடு இறங்கினால், அது அவர்களுக்குச் சமூகச் சீரழிவு. இந்த மனநிலையைத்தான் இங்கே எதிர்க்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பாளையைக் கடிப்பால் நசுக்கி, நாள்தோறும் மெல்லியதாகச் சீவினால் சாறு சொட்டுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஈஸ்டும் பாக்டீரியாவும் தாமாகவே வந்து சர்க்கரையை நொதிக்கச் செய்கின்றன. நார்மண்டியின் மரபான ஆப்பிள் சைடரும் இப்படித்தான் தானே நொதிக்கிறது. அதை உலகம் கைவினை என்கிறது. இதை நம் சட்டம் குற்றம் என்கிறது.

இறக்கியவுடன் இனிப்பு, நுரை எழுகையில் இளம்புளிப்பு, மாலையில் காட்டம், மேலும் வைத்தால் காடி. ஒரே கலயத்துக்குள் இத்தனை சுவைகள். ஆல்கஹால் ஏறத்தாழ பீரின் அளவுதான். எந்த நேரத்தில் எந்த மரத்துக் கள் எப்படியிருக்கும் என்று அறிந்த நாக்கு ஓர் அறிவுச்சேகரம். 1987 முதல் நீடிக்கும் தடையில் அந்த நாக்கு ஒரு தலைமுறைக்கு இல்லாமலே போயிற்று.

மதுவிலக்கு ஓர் அறக்கொள்கை என்றால் அதை மதிக்கலாம். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பெரியார் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டினார். ராஜாஜி 1937இல் சேலத்தில் அதைத் தொடங்கினார். குடியால் நொந்த பெண்களின் குரலும் பொய்யல்ல. ஆனால் இன்று இருப்பது மதுவிலக்கா? 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றி, 42.8 சதவீத ஆல்கஹாலோடு அரசே விற்கிறது. இந்த அரசு கள்ளின் தீமையைப் பற்றி வகுப்பெடுக்கிறது!

கலப்படம் நடக்கும் என்பது வலுவான எதிர்வாதம். தெலங்கானாவில் மயக்கப்பொருள் கலந்த கள் பிடிபட்டிருக்கிறது. ஆனால் பாலிலும் கலப்படம் உண்டு. அதற்காக மாட்டைத் தடைசெய்வதில்லை. மரத்துக்கு எண், இறக்குபவருக்கு உரிமம், அன்றன்றே அருகிலேயே விற்பனை என்று ஒழுங்கு செய்யலாம். கேரளத்திலும் புதுச்சேரியிலும் யாழ்ப்பாணத்திலும் கள் சட்டப்படியே விற்கிறது. கோவா தன் முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடே பெற்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். கள்ளைத் தடுத்ததால் அவர்கள் காப்பாற்றப்படவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. எஞ்சிய மரங்களிலிருந்து அன்றாட வருமானம் பெற கள் ஒரு வழி. அது அவர்களுக்கு மூடியிருந்தது. நொதிக்காத நீராவுக்கே 2017இல்தான் விதி தளர்ந்தது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு 2021இல் வந்தது. நல்லதுதான். ஆனால் ஏறிப் பிழைக்க முடியாத மரத்தைக் காவல் போட்டு எத்தனை காலம் காப்பாற்றுவது?

நன்னூல் கடைமாணாக்கருக்கு நெய்யரியை, அதாவது பன்னாடையை, உவமை சொல்கிறது. கள்ளை வடிகட்டும் அந்தப் பின்னல் சாற்றை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் மதுக்கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேண்டியதில்லை. தேறல் போயிற்று. தங்கியிருப்பது டாஸ்மாக்.