ஓடினால்தானே சுத்தமாகும்?

'ஓடுகிற ஆறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். காவிரிக் கரையிலுள்ள நம் குமாரபாளையம் மாதிரி சின்ன ஊருக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எதற்கு?' என்கிறார்கள். காவிரி ஓடினால்தானே! ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறக்கும் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். பிறகு வருவது குடிநீருக்கான சொற்பத் தண்ணீர். அதுவும் கதவணைகளில் தேங்கித் தேங்கி வரும். கோடையில் சாக்கடை விழும் இடத்தைப் பாருங்கள்: கறுத்த சேறு, குமிழ், ஆகாயத்தாமரை. கழிவைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரின் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். சுத்திகரிப்பு நிலையத் தொட்டியில் காற்றை ஊதுவதே, அந்தப் பாக்டீரியா தன் வேலையை ஆற்றுக்கு வெளியே முடிக்கத்தான். செலவு பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கீழே உள்ள ஊர்க்காரர்கள் இதே காவிரியைக் குடிக்கிறார்கள். நம் கக்கூஸ் தண்ணீரை அவர்கள் தலையில் கட்ட நமக்கு என்ன உரிமை?